கூடங்குளமா, கால் டிகிரியா?

மேலூரான்: ஆராய்ச்சிக்கூடத்து மைக்ரோவேவ் கருவி ஒன்று 1 கிகாவாட் விடுமாம். கூடங்குளத்தில் ஓர் உலையே 1000 மெகாவாட்தான், அதாவது அதே அளவு. ஒரு தடவை போட்டால் மதுரை மொத்தமும் இருட்டு!

சிம்மக்கல் மெக்கானிக்: எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டீரா? 100 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு. பெருக்கிப் பாரும், 100 ஜூல். நூறு மில்லி டீயைக் கால் டிகிரிகூடச் சூடாக்காது. இதற்கா ஊர் இருட்டாகும்?

மேலூரான்: டீயை யார் கேட்டது? கிகாவாட்டா இல்லையா?

சிம்மக்கல் மெக்கானிக்: கிகாவாட்தான், யார் இல்லை என்றது? கண்மாய் நிறைய மாசக் கணக்காகும், மடை திறந்தால் பாய்ச்சலே வேறு. இங்கே கண்மாய் என்பது மார்க்ஸ் ஜெனரேட்டர், 1924இலேயே வந்தது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்களைப் பக்க இணைப்பில் சார்ஜ் ஏற்றி, தீப்பொறி இடைவெளி வழியாகச் சட்டென்று தொடராக்கினால் வோல்டேஜ் எகிறும். ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைப்பது அந்த மடையில்தான், அதாவது ஸ்விட்ச்சில். பொறி அடிக்க அடிக்க மின்முனை அரிக்கும். இடைவெளியில் உள்ள வாயு பழைய நிலைக்குத் திரும்பாமல் அடுத்த தடவை போட முடியாது. விநாடிக்கு எத்தனை தடவை என்பதற்கு முட்டுக்கட்டையே அதுதான்.

திருநகர் வாத்தியார்: தைரட்ரானை மறந்துவிட்டீரே. ஹைட்ரஜன் நிரப்பிய ஸ்விட்ச் குழாய், வேகமாக மீளும்.

சிம்மக்கல் மெக்கானிக்: மறக்கவில்லை சார். ரேடாருக்குச் சரி. பல லட்சம் வோல்ட்டை ஒரே தைரட்ரான் தலையில் கட்ட முடியுமா?

திருநகர் வாத்தியார்: எனக்கே பாடமா? நல்லது.

மேலூரான்: தைப்பொங்கலுக்கு எங்கள் ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. அவர் மடை திறக்கிறாராம்!

சிம்மக்கல் மெக்கானிக்: பார்ட்ஸ் வரவில்லை என்று பத்துத் தடவை சொல்லியாயிற்று. விவாதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வைகைக்கரை: பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் காளி என்று லேசர் ஆயுதம் இருக்கிறதாமே அண்ணே?

சிம்மக்கல் மெக்கானிக்: லேசரே இல்லை தம்பி. கிலோ ஆம்பியர் லீனியர் இன்ஜெக்டர் என்பதன் சுருக்கம். எலெக்ட்ரான் கற்றை விடும் இயந்திரம். அந்தக் கற்றையிலிருந்து மைக்ரோவேவ் எடுக்கலாம். மைக்ரோவேவ் அடுப்புக்குள் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்.

மேலூரான்: கிலோ ஆம்பியர்! பார்த்தீர்களா? நான் சொன்ன கூடங்குளம்தான்.

சிம்மக்கல் மெக்கானிக்: கால் டிகிரி.

மேலூரான்: கூடங்குளம்.

திருநகர் வாத்தியார்: டீயில் சர்க்கரை உண்டா, இல்லையா? கணக்கு மாறும்.

சிம்மக்கல் மெக்கானிக்: சார், நீங்களுமா!

மேலூரான்: ஸ்டெபிலைசர் எப்போது வரும்?