சமையலறை வேலை முடியும்வரை பாத்திரங்களை எங்கே கழுவுவது?

ஜன்னலோரம் கேட்கிறார்:

அடுத்த மாதம் எங்கள் சமையலறையை முழுவதுமாக இடித்துப் புதிதாக அமைக்கிறோம். மேடை, அலமாரி, சுவர் டைல்ஸ், தரை என்று எதுவும் மிஞ்சாது. சிங்க் இப்போது இருக்கும் மூலையிலிருந்து ஜன்னல் பக்கம் போகிறது, அதனால் குழாய் வேலையும் உண்டு. மேஸ்திரி ஐந்து வாரம் என்கிறார். நான் அதை எட்டு வாரமாகவே கணக்கில் வைத்திருக்கிறேன்.

வீட்டில் ஐந்து பேர். கணவர், நான், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை நோய். நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், வெளிச்சாப்பாடு இரண்டு நாள் தொடர்ந்தால் அளவு ஏறிவிடும். ஆகவே தினமும் வீட்டில் சமைத்தே தீர வேண்டும்.

ஹாலில் ஒரு மேசை போட்டு இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், கெட்டில் மூன்றையும் வைத்துக்கொள்ளப் போகிறேன். சமையலை எப்படியாவது ஓட்டிவிடுவேன். தூக்கத்தைக் கெடுப்பது பாத்திரம்தான். குளியலறை ஒன்றே ஒன்று. அதிலிருக்கும் வாஷ்பேசினில் குக்கர் மூடியைத் திருப்பிப் பிடிக்கக்கூட இடம் கிடையாது. காலையில் ஐந்து பேர் குளித்துக் கிளம்பும் இடத்தில் நான் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பதை நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். "கொஞ்ச நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள்" என்ற யோசனை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறையப் பேரிடமிருந்து வந்துவிட்டது.

பழையசிங்க் பதில்:

இரண்டு வீடுகளில் இந்த வேலையைப் பார்த்தவள் நான். நீங்கள் கவலைப்படுவது சரியான இடத்தில்தான். அடுப்பு இல்லாமல் சமாளிக்க நூறு வழி உண்டு. தண்ணீர் வந்து விழுந்து வடிகிற ஓரிடம் இல்லாவிட்டால் வீடே நாறிவிடும்.

முதலில் மேஸ்திரியிடம் கேட்க வேண்டியது மொத்தம் எத்தனை வாரம் என்பது அல்ல. சிங்க் இல்லாமல் எத்தனை நாள் என்று கேளுங்கள். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேறு வேறு. பெரும்பாலும் முதல் நாளே எல்லாவற்றையும் பெயர்த்து வெளியே போட்டுவிடுவார்கள், அவர்களுக்கு அதுதான் வசதி. சுவர் வேலை, மின்வயர் வேலையெல்லாம் நடக்கும்போது பழைய சிங்க் அதன் பாட்டுக்கு மூலையில் இருந்தால் யாருக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை. "அந்த மூலையைக் கடைசியில் உடையுங்கள்" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பாதியில் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

அடுத்த இடைவெளி கல் மேடையால் வருவது. கீழ் அலமாரிகளைப் பொருத்திய பிறகுதான் கல்லுக்குச் சரியான அளவு எடுக்க முடியும். அப்புறம் பட்டறையில் வெட்டி, சிங்குக்கு ஓட்டை போட்டு, ஓரத்தைப் பாலிஷ் செய்து கொண்டுவர வேண்டும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அலமாரி வந்துவிட்டது, அடுப்பு வந்துவிட்டது, பார்க்கச் சமையலறை முடிந்த மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு டம்ளர் கழுவ வழி இருக்காது. எனக்கு முதல் வீட்டில் அழுகை வந்தது அந்த வாரத்தில்தான்.

இரண்டாவது வீட்டில் பிளம்பர் ஒரு வழி சொன்னார். கழற்றிய பழைய ஸ்டீல் சிங்கைத் தூக்கி எறியாமல், புதிய கீழ் அலமாரியின் மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அதில் ஓட்டை வெட்டி, சிங்கை அதில் இறக்கி, வேஸ்ட் பைப்பைப் புதிய வடிகாலில் மாட்டிவிட்டார். குழாய்க்கு ஆங்கிள் வால்வு (சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு) முன்பே வைத்தாகிவிட்டது, அதிலிருந்து ஒரு ஹோஸ், அவ்வளவுதான். பார்க்கச் சகிக்காது. கல் வரும்வரை அதில்தான் எல்லாம் நடந்தது. பலகை ஊறாமலிருக்க மேலே தடிமனான பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிக்கொண்டோம். அளவு எடுக்க ஆள் வரும் நாளில் மட்டும் அதைத் தூக்கி வைக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் சிங்கே இல்லாத சில நாட்கள் வரும். அதற்கு இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்குங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் நல்ல தண்ணீர். குந்தி உட்கார வேண்டாம், தொட்டிகளை ஒரு மேசை மேலோ உறுதியான ஸ்டூல் மேலோ வையுங்கள், நின்றபடி கழுவலாம். டம்ளர், கரண்டி முதலில், எண்ணெய்ப் பாத்திரம் கடைசியில். வரிசை மாறினால் தண்ணீரையும் மாற்ற வேண்டிவரும், தூக்கிச் சுமப்பது நீங்கள்தான்.

எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாஷ்பேசின் குழாய் சமையலறைச் சிங்கின் குழாயைவிடச் சிறியது. சூடாக ஊற்றும் எண்ணெய் உள்ளே போய் ஆறி, வளைவில் உறைந்து, முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துவிடும். இருக்கும் ஒரே குளியலறையும் அடைத்தால் கதை முடிந்தது. பழைய செய்தித்தாளால் ஒவ்வொரு பாத்திரத்தையும் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரை ஒரு வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். நாங்கள் வாஷ்பேசினைத் தொடவே இல்லை, தொட்டித் தண்ணீரைக் குளியலறைத் தரை வடிகாலில் விட்டோம், அங்கேயும் ஒரு சல்லடை போட்டு.

இன்னொன்று. தட்டு, டம்ளர், கிண்ணம், கரண்டி ஆளுக்கு ஒன்று மட்டும் வெளியே வையுங்கள். மிச்சத்தைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். இருந்தால் எடுப்பார்கள், எடுத்தால் அழுக்காகும். அவரவர் தட்டை அவரவர் கழுவுவது என் பிள்ளைகளுக்கு அப்போது வந்த பழக்கம். வேலை முடிந்ததும் போய்விட்டது, அது வேறு விஷயம்.

வயர்க்கட்டு பதில்:

மின்வேலை என் தொழில், அதனால் ஹால் மேசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் ஓடும் வீட்டில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டில் 6.5. இரண்டும் சேர்ந்தால் 15-ஐத் தாண்டுகிறது. மைக்ரோவேவில் பெரிதாக எழுதியிருக்கும் 800 வாட் உணவுக்குப் போகும் சக்தி, சுவரிலிருந்து எடுப்பது அதைவிட நிறைய, 1200 வாட் பக்கம் இருக்கும். சாதாரண போர்டு பலவற்றின் பின்புறம் 6 அல்லது 10 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கும். திருப்பிப் பாருங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பைச் சுவரிலிருக்கும் பெரிய பிளக் பாயிண்டில் நேராகச் சொருகுங்கள். மற்ற இரண்டையும் வேறு லைனில் உள்ள பாயிண்டுக்குக் கொண்டுபோங்கள், ஒன்று ஓடும்போது மற்றதை நிறுத்தி வையுங்கள். எந்த பாயிண்ட் எந்த லைன் என்று தெரியாவிட்டால் மெயின் போர்டில் லைனுக்கு ஒன்றாக இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை, அதாவது எம்சிபியை, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுருட்டி வைக்கும் வகை ஒயரைப் பயன்படுத்த நேர்ந்தால் முழுவதையும் விரித்துவிடுங்கள், சுருளிலேயே இருந்தால் சூடேறி உருகும்.

வேலைக்காரர்கள் டைல்ஸ் கட்டரை எங்கே சொருகுகிறார்கள் என்றும் பாருங்கள். உங்கள் அடுப்பு லைனிலேயே சொருகினால் நாள் முழுக்க ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும், இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வீர்கள்.

சமைக்கும் பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். சாதாரண அலுமினியக் குக்கர் ஆகாது.

காகிதத்தட்டு பதில்:

இவ்வளவு யோசனை எதற்கு? காகிதத் தட்டு, காகித டம்ளர். சாப்பிடு, தூக்கிப் போடு. நான் அப்படித்தான் இருந்தேன், சௌக்கியமாகவே இருந்தேன்.

பழையசிங்க் பதில்:

நீங்கள் தனியாள். இவர்கள் ஐந்து பேர், மூன்று வேளை. குப்பை மூட்டையைத் தினமும் கீழே இறக்குவது யார்? தட்டு எப்போதுமே எளிதான பாத்திரம், ஒரு தேய்ப்பில் போய்விடும். குக்கரும் வாணலியும்தான் ஆளைக் கொல்வது, அவற்றுக்குக் காகிதத்தில் மாற்று இல்லை. சிங்க் இல்லாத அந்தச் சில நாட்களுக்கு மட்டும் காகிதத் தட்டு என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மேஸ்திரியிடம் பேசினேன். பழைய சிங்க் மூலையைக் கடைசியில் உடைக்க ஒத்துக்கொண்டார், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு. பிளைவுட் சிங்க் யோசனையைக் கேட்டதும் சிரித்தார், ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. ஹாலில் பெரிய பாயிண்ட் ஒன்று ஏசிக்காக இருக்கிறது, இண்டக்‌ஷன் அங்கே போகிறது. ஏசி கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஃபிரிட்ஜை ஹாலுக்கு நகர்த்தினால் உடனே போடலாமா? இடிக்கும்போது வரும் தூசி ஹாலில் சமைக்கிற சாப்பாட்டில் விழாமல் எப்படித் தடுப்பது? மாமியாருக்கு இருமலும் உண்டு.

ஈரத்துணி பதில்:

ஃபிரிட்ஜை நிமிர்ந்தபடியே நகர்த்தினால் உடனே போடலாம். படுக்க வைத்துத் தூக்கியிருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துப் போடுங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் இடம் மாறியிருக்கும். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றுக்கு இடம் விடுங்கள்.

தூசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டைல்ஸ், கல், கான்கிரீட் வெட்டும்போது வருவது வெறும் மண் தூசி இல்லை, அதில் சிலிக்கா இருக்கும், மிக நுண்மையானது நுரையீரலின் ஆழம்வரை போகும். வெட்டுவதை வெளியில் வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். சமையலறை வாசலுக்குக் கூரையிலிருந்து தரைவரை தடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, நடுவில் ஜிப் வைத்துக்கொள்ளலாம், தயாராகவே கிடைக்கிறது. வாசலில் ஈரத் துணி போடுங்கள். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், படிந்த தூசி மறுபடி எழும்பும். ஈரத் துணியால் துடைப்பதே சரி. இடிக்கிற நாட்களில் மாமியார் இருக்கும் அறைக் கதவின் கீழ் இடுக்கையும் ஒரு துணியால் அடைத்துவிடுங்கள்.

சமையலை ஆட்கள் வரும் முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் காலையில் செய்ததை மதியம்வரை மேசையிலேயே மூடி வைக்கும் பழக்கம் வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் போய்விட வேண்டும், எடுத்து நன்றாகச் சூடாக்க வேண்டும். சோற்றில் இன்னும் கவனம், அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. அகலமான பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும்.

வேலை தொடங்கும் முன் ஃப்ரீசரை நிரப்புங்கள். அளவாகப் பிரித்து, மைக்ரோவேவில் அப்படியே வைக்கக்கூடிய கண்ணாடி டப்பாவில் வையுங்கள். சூடாக்குவதும் சாப்பிடுவதும் அதே டப்பா என்றால் கழுவ வேண்டியதும் அது ஒன்றுதான். இடிக்கிற வாரத்துக்கு அது போதும்.

பழையசிங்க் பதில்:

பிளம்பரிடம் இன்னும் ஒன்று சொல்லிவிடுங்கள், இப்போதே. பழைய சிங்கைக் கழற்றும் நாளில் அந்த வடிகால் வாயை மூடி வைக்க வேண்டும், புதிய இடத்திலுள்ள வாயையும். வெறுமனே துணி திணித்தால் போதாது, எண்டு கேப் போடச் சொல்லுங்கள். மேஸ்திரி ஆட்கள் கை கழுவுகிற சிமெண்ட் தண்ணீர் அதில் போய் இறுகிவிட்டால் புதிய தரையை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். அவர்கள் கை கழுவ வெளியே தனியாக ஒரு பக்கெட் வைத்துவிடுங்கள்.

கல் வந்து புதிய சிங்க் உட்கார்ந்ததும் ஓரத்தில் சிலிக்கான் பூசுவார்கள். அது காய 24 மணி நேரம் வேண்டும், அதுவரை தண்ணீர் பட விடாதீர்கள். அன்றைக்கு மட்டும் காகிதத் தட்டுக்காரரின் யோசனையைக் கேளுங்கள்.