ரிங்கோ இல்லாத நாட்களில் பதிந்த பாட்டு

பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் வெள்ளை அட்டை ஆல்பத்தை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், அறைத்தோழன் வைத்திருந்த கேசட்டில். மொத்தம் 30 பாட்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒட்டே இல்லை. பாதியில் அணைத்துவிட்டேன்.

அது உருவான கதையைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 1968 மே கடைசியில் லண்டன் அபே ரோட்டில் ஒலிப்பதிவு தொடங்கியது. லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூன்று பேரிடமும் பாட்டுகள் குவிந்து கிடந்தன, விட்டுக்கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஸ்டூடியோவில் வேலை பார்த்த நாட்களும் உண்டு. அந்தச் சண்டை சச்சரவு தாங்காமல் ஜூலையில் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் பாதியிலேயே விலகினார். ஆகஸ்ட் 22 அன்று குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோவும் கிளம்பிப் போய்விட்டார்.

இதைப் படித்த இரவே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்த ஆல்பத்தின் 'டியர் ப்ரூடன்ஸ்' பாட்டைப் போட்டேன். முடிவை நெருங்கும்போது டிரம்ஸ் பொங்கி எழும் பாருங்கள், அதை வாசித்தது மெக்கார்ட்னி. ரிங்கோ இல்லாத நாட்களில் பதிந்தது! அப்புறம் 'பிளாக்பேர்ட்'. ஒரு கிட்டார், ஒரு குரல், தரையில் தாளம் தட்டும் பாதம். அதில் மெக்கார்ட்னியைத் தவிர யாருமே இல்லை. 'ஜூலியா'வில் லெனன் மட்டும். ஒட்டே இல்லை என்று விடுதியில் நான் சலித்துக்கொண்டது இந்தத் தனிமையைத்தான்.

செப்டம்பரில் ரிங்கோ திரும்பி வந்தபோது அவருடைய டிரம்ஸைப் பூவால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

•

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த 'டியர் ப்ரூடன்ஸ்' பிறந்த இடத்துக்கு நான் போயிருக்கிறேன். ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் பழைய ஆசிரமம். தியானமே கதியென்று அறைக்குள்ளேயே கிடந்த ப்ரூடன்ஸ் ஃபாரோவை வெளியே வரச்சொல்லி லெனன் எழுதிய பாட்டு அது. 1968 தொடக்கத்தில் நாலு பேரும் அங்கே தங்கியிருந்தார்கள். ஆல்பத்தின் பாட்டுகளில் நிறைய அங்கேதான் எழுதினார்கள்.

ஊர் திரும்பியதும், மே மாதம் ஹாரிசன் வீட்டில் கூடி அவற்றைப் பதிந்து பார்த்தார்கள். அந்தப் பதிவுகள் 2018இல் முழுசாக வெளிவந்தன, அவசியம் கேளுங்கள். ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் கை தட்டுகிறார், கூடச் சேர்ந்து பாடுகிறார்.

ஆசிரமத்தில் கூழாங்கல் பதித்த தியானக் குடில் ஒன்றுக்குள் குனிந்து நுழைந்து, தரையில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். என் குரலே என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது.