நல்ல மெத்தைக்குக் காசு எங்கே போகுது: பெயருக்கா, ஃபோமுக்கா?

அரைத்தூக்கம்
மூணு வருஷம் முன்னாடி வாங்கின மெத்தை நடுவுல குழி விழுந்துடுச்சு. ஆறடிக்கு அஞ்சடி, 6 இன்ச். "40 டென்சிட்டி, பத்து வருஷ வாரண்டி"ன்னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னார். இப்போ வாரண்டி கேட்டா, குழி ஒன்றரை இன்ச் ஆழம் இருந்தாதான் எடுத்துக்குவாங்களாம். என்னுது ஸ்கேல் வச்சுப் பார்த்தா ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. காலையில இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்திருக்கேன். பெரிய தொகை போட மனசில்ல, மலிவா வாங்கி மறுபடி ஏமாறவும் தெம்பில்ல. வழி சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை
மெத்தையோட ஆயுசு டென்சிட்டியிலதான் இருக்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிறதுதான் அது. கடினம், மென்மை வேற கணக்கு. கையால அழுத்திப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கிற லேசான ஃபோமும் உண்டு, சீக்கிரமே குழி விழும். பெரியவங்க தினமும் படுக்கிறதுன்னா சாதா ஃபோம் 32க்குக் கீழ எடுக்காதீங்க. மெமரி ஃபோம்னா (அழுத்தினா அமுங்கி, மெதுவா பழையபடி நிமிர்ற ஃபோம்) 50க்குக் கீழ வேண்டாம்.

கடைக்காரர் வாய்ச்சொல் எதுக்கு, எடை போடுங்க. 6 × 5 × அரை அடி, ஆக 15 கன அடி. அதாவது 0.425 கன மீட்டர். 40 டென்சிட்டின்னா 17 கிலோ இருக்கணும், 32ன்னா 13.6. வீட்டு எடை மெஷின்ல தனியா ஒரு தடவை ஏறுங்க, மெத்தையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை ஏறுங்க. கழிச்சா தெரிஞ்சுடும். கம்பெனிப் பெயருக்குக் கொடுக்கிற காசு தண்டம்.

கும்பகர்ணன் தம்பி
தெரிஞ்சுடுமா? ரீபாண்டட்டை மறந்துட்டீங்களே பிள்ளைவாள். ஃபோம் வெட்டின துண்டு துணுக்கெல்லாம் பசை போட்டு அழுத்தி ஒட்டினது, 90 டென்சிட்டி சாதாரணமா வரும். அதை அடியில 2 இன்ச் வச்சு, மேல 18 டென்சிட்டி குப்பையை 4 இன்ச் போட்டா சராசரி 42! உங்க எடை மெஷின் கைதட்டும். ஆறு மாசத்துல மேல் ஃபோம் அமுங்கிடும்.

நான் பெயர் தெரிஞ்ச கம்பெனியில வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு, ஒரு குறையும் இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா யார் சட்டையைப் பிடிக்கிறதுன்னாவது தெரியும்.

கணக்குப்பிள்ளை
ரீபாண்டட் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் ஜிப் உள்ள மெத்தையாக் கேட்கணும். திறந்து பார்த்தா பல நிறத்துல புள்ளி புள்ளியா தெரியும், மறைக்க முடியாது. ஒவ்வொரு அடுக்கும் எத்தனை இன்ச், என்ன டென்சிட்டின்னு பில்லுல எழுதி வாங்கணும்.

ஆனா சட்டையைப் பிடிக்கிற கதை வேண்டாம். அரைத்தூக்கம் பிடிச்ச சட்டை என்னாச்சுன்னு மேலேயே இருக்கு. உறையில கறை பட்டிருந்தாலே வாரண்டி இல்லைன்னு கைவிரிக்கிற கம்பெனிகள் நிறைய. பெரிய பெயர்க்காரங்க விளம்பரத்துல "விண்வெளித் தொழில்நுட்பம்"னு போடுவாங்க. 1966ல நாசாவுக்காகச் செஞ்ச வேலையிலதான் மெமரி ஃபோம் பிறந்துச்சு, நிஜம்தான். உங்க மெத்தையில அது ஒரு இன்ச்சா அரை இன்ச்சான்னு கேளுங்க, பதில் வராது.

இரவுப்பறவை
ரெண்டு பேரும் மெத்தையைப் பத்தியே பேசுறீங்க, படுக்கிறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. இடுப்பு வலின்னதும் எல்லாரும் கெட்டியா வாங்கச் சொல்லுவாங்க. 2003ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேர்ல பாதிப்பேரைக் கெட்டி மெத்தையிலும் மீதிப்பேரை நடுத்தரமான மெத்தையிலும் 90 நாள் படுக்க வச்சாங்க. நடுத்தரத்துல படுத்தவங்களுக்குத்தான் நல்ல குணம் தெரிஞ்சது. அதிலும் ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க இடம் வேணும்.

கடையில ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்து ஒண்ணும் தெரியாதுங்க. செருப்பைக் கழட்டிட்டு, வழக்கமா தூங்குற மாதிரியே கால் மணி நேரம் படுங்க. வெட்கப்பட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். திருப்பிக் கொடுக்கிற வசதி இருந்தா, தூக்கிட்டுப் போற கூலி யாருதுன்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

மரத்தூள்
நான் இருபது வருஷமா கட்டில் செய்யறவன். மெத்தைமேல பழி போடறதுக்கு முன்னாடி கட்டிலைப் பாருங்க தம்பி. சட்டத்துக்குச் சட்டம் ஒரு சாண் இடைவெளி விட்டா எந்த ஃபோமும் அந்தச் சந்துல தொங்கத்தான் செய்யும். மூணு விரற்கடைக்கு மேல சந்து இருக்கக் கூடாது. மூணு ராத்திரி மெத்தையைத் தரையில போட்டுப் படுங்க. குழி தெரியலைன்னா கோளாறு கட்டில்ல. ஒரு பலகை வாங்கிப் போட்டா முடிஞ்சது, மெத்தையே வாங்க வேண்டாம்.

கும்பகர்ணன் தம்பி
அண்ணே, இது நல்ல யோசனை. மெத்தை வாங்காம இருக்கிறதைவிட மலிவு எது!

அரைத்தூக்கம்
எல்லாம் செஞ்சு பார்த்தேன். தரையில போட்டும் குழி அப்படியேதான் இருக்கு, கட்டில்மேல தப்பில்ல. எடை உறையோட சேர்த்தே 10.8 கிலோ. 25 டென்சிட்டிதான் வருது, உறையைக் கழிச்சா இன்னும் கீழ. ஓரத்தையலை நாலு விரல் பிரிச்சும் பார்த்தேன். ஒரே வெள்ளை ஃபோம், ரீபாண்டட்கூட இல்ல. (தையலைப் பிரிச்சா வாரண்டி போயிடும்னு யாரும் பதற வேண்டாம். இருந்தாத்தானே போக.)

பெரிசாப் பெயர் இல்லாத ஒரு இடத்துல கேட்டேன். 40 டென்சிட்டி 5 இன்ச், மேல மென்மையா 1 இன்ச், ஜிப் உறை, அடுக்கு விவரம் பில்லுல. நான் முதல்ல பார்த்து வச்சிருந்த பிரபல மெத்தையில பாதி விலைதான் ஆகுது. கால் மணி நேரம் படுத்தும் பார்த்தாச்சு, பாதியில கண்ணு அசந்துட்டேன்.

கணக்குப்பிள்ளை
வந்ததும் மறுபடி எடை போடுங்க. தம்பி, உங்க ஒன்பது வருஷ மெத்தை எத்தனை கிலோன்னும் சொல்லுங்களேன்.

கும்பகர்ணன் தம்பி
வீட்டம்மாவும் அதையேதான் கேட்கிறா. மெஷின்ல பேட்டரி இல்லைன்னு சொல்லிட்டேன்.