‘கம்யூனிட்டி அனிமல்’: பொதுவளர்ப்பு விலங்கு எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். தெருநாய் போல, தனி உடைமையாளர் இல்லாமல் மக்களிடையே வாழும் விலங்கை ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி அனிமல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில் ஒருவர் கேட்டது:

> ‘சமூக விலங்கு’ அல்லது ‘சமுதாய விலங்கு’ போதாதா?

போதாது ஐயா. ‘மனிதன் ஒரு சமூக விலங்கு’ என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அந்தச் சொல் நம்மைக் குறிக்கப் போய்விட்டது. ‘சமுதாயம்’ என்றால் இன்றைய பேச்சில் பெரும்பாலும் சாதிதான். ‘சமுதாய நாய்’ என்று அச்சில் வந்தால் எப்படிப் படிக்கப்படும் என்று யோசியுங்கள்.

நம் நாட்டில் ‘கம்யூனிட்டி அனிமல்’ என்ற சொல்லைப் பரப்பியவை 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். யாரும் உரிமை கோராதது, காட்டு விலங்கும் அல்லாதது என்று அவை வரையறுக்கின்றன. சட்டத்துக்கு இது சரி. சமூகவியலுக்கு, அந்த விலங்கோடு மனிதர்களுக்கு என்ன உறவு என்பதல்லவா கேள்வி?

சமூகவியலாளர்கள் ஆர்னல்ட் ஆர்லூக்கும் கிளின்டன் சாண்டர்ஸும் 1996-இல் வெளியிட்ட நூலில், சமூகம் விலங்குகளைத் தனக்கு உகந்தவை, ஆகாதவை என்று மேலும் கீழுமாக அடுக்குகிறது என்றார்கள். தெருநாய் ஒரே தெருவுக்குள் அந்த அடுக்கில் ஏறி இறங்குகிறது. எங்கள் தெருமுனை டீக்கடையில் ராத்திரி அடுப்பை அணைக்குமுன் மாஸ்டர் ஒரு பொறையைப் பாலில் நனைத்துப் போடுவார். அங்கே அதன் பெயர் மணி. நாலு வீடு தள்ளிக் கருப்பன். அங்கே பழைய சோறு. கடைசி வீட்டில் பெயரில்லை, கல்தான். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு. அது மாநகராட்சியின் பங்கு. இத்தனை பேர் கை பட்ட உயிரைக் ‘கேட்பாரற்றது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘ஊர் விலங்கு’ என்று இன்னொரு நண்பர் சொன்னார். வீட்டு விலங்கு, காட்டு விலங்கு, ஊர் விலங்கு: காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த மண்ணில் ‘ஊர்’ எல்லாரையும் சேர்த்துச் சொல்வதில்லை. சமுதாயத்துக்குச் சொன்ன குறை இதற்கும் உண்டு.

ஆகவே ‘பொதுவளர்ப்பு விலங்கு’. நாய்க்குப் ‘பொதுவளர்ப்பு நாய்’. ‘வளர்ப்பு’ உறவைச் சொல்கிறது, ‘பொது’ அது ஒருவரோடு நிற்கவில்லை என்கிறது. உடைமை என்ற வாடையே இல்லை. கோயில் காளைக்கும் பொருந்தும்: தனி உடைமையாளர் கிடையாது, தீனி வைப்பவர் பலர், செத்தால் ஊரே கூடி அடக்கம் செய்யும்.

சோறு வைக்காமல் கல் எறிபவரும் இந்தப் ‘பொது’வில் அடக்கமா என்று கேட்பீர்கள். அடக்கம் என்பேன், பகையும் உறவில் ஒரு வகை. பூனைக்கு இச்சொல் ஒட்டுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். பூனை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.