மறு: எண்ணிமப் பாதுகாப்பா, நெடும்பேணலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். எண்ணிமக் கோப்புகளைப் பல தலைமுறைக்கும் வாசிக்கத்தக்கதாக வைத்திருப்பதற்கு, அதாவது ‘டிஜிட்டல் பிரிசர்வேஷன்’ என்பதற்கு, ‘எண்ணிம நெடும்பேணல்’ என்று நான் முன்வைத்த சொல்லுக்கு வந்த கேள்வி இது:

> ‘எண்ணிமப் பாதுகாப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அக்கா கேட்டது நியாயம். புழங்கும் சொல்லைக் கலைக்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் போன வருடம் திருகோணமலையில் ஒரு வாசிகசாலையில், ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பல தலைமுறைக்கு வைத்திருப்பது பற்றிப் பேச ‘எண்ணிமப் பாதுகாப்பு’ என்றுதான் அறிவித்தல் ஒட்டினோம். வந்தவர்களில் பாதிப்பேர் பேஸ்புக் கடவுச்சொல்லைக் களவெடுத்துவிட்டார்கள், எப்படி மீட்பது என்று கேட்டார்கள். பிழை அவர்களில் இல்லை. பாதுகாப்பு என்றால் களவும் வைரஸும் பூட்டும்தான் எவருக்கும் மனதில் வரும்.

‘காப்பு’ம் சரிவராது. காப்பு நகல் என்பது பேக்கப்புக்கு நிலைத்துவிட்டது. பேக்கப் வேறு, நாம் பேசுவது வேறு என்பதை என் மேசையிலேயே கண்டேன். 2003இல் வந்த ஓர் ஆய்விதழின் சீடி கைக்குக் கிடைத்தது. ஒரு கீறல் இல்லை, கோப்புகள் அத்தனையும் திறந்தன. ஆனால் பக்கம் முழுக்க ரோமன் எழுத்துகள். பாமினி என்ற, ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகள் அவை. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ரோமன் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. ஒரு பைட்கூடத் தொலையவில்லை, ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. யுனிகோடுக்கு மாற்றியபோது இடையில் வந்த ஆங்கிலப் பெயர்களெல்லாம் பொருளற்ற தமிழெழுத்தாகிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தி எடுக்க மூன்று கிழமை பிடித்தது.

அந்த மூன்று கிழமை வேலைக்கும் பெயரில் இடம் வேண்டும். ‘பேணு’ என்ற வினை அதைத் தாங்கும். உடலைப் பேணுகிறோம், உறவைப் பேணுகிறோம். இன்று செய்து நாளை கைவிட்டால் அது பேணல் ஆகாது. எங்கள் கந்தோர்களில் ‘பதிவேடு பேணல்’ அன்றாடச் சொல். காலநீட்சியைச் சேர்த்து ‘எண்ணிம நெடும்பேணல்’ என்கிறேன். நெடும்பேணல் வாயில் ஒட்டவில்லை என்று தம்பி எழுதியிருந்தார். நெடும்பயணம் ஒட்டுகிற வாயில் இதுவும் ஒட்டும், நாலு தரம் சொல்லிப் பாருங்கள்.

கிளைச்சொற்கள் ஏட்டுக்காரரிடமே இருக்கின்றன. ஓலை இற்றுப்போகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். கோப்புகளை பிடிஎப்/ஏ போன்ற நிலைத்த வடிவுக்கு மாற்றுவதை ‘வடிவப் பெயர்ப்பு’ எனலாம். அடுத்தது ‘ஒப்புநோக்கு’. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் (LOCKSS) திட்டத்தில், பல நூலகங்கள் ஒரே இதழின் படிகளை வைத்திருக்கும். அவற்றின் கணினிகள் தமக்குள் ஒத்துப் பார்த்து, கெட்ட படியை நல்ல படிகளைக் கொண்டு திருத்திக்கொள்ளும். சுவடிப் பதிப்பாளர் பாடபேதம் பார்த்த அதே முறை. எங்கள் கோட்டை வாசலுக்கு வந்தவர்கள் குளக்கோட்டன் மன்னனைப் பற்றிய பாட்டுப் பொறித்த கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் எழுத்துகள் சிதைந்துவிட்டன. ஆனாலும் ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கினால் மிச்சத்தைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. கல்லை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பாட்டு போயிருக்கும்.

எனக்கு இன்னும் அகப்படாதது டார்க் ஆர்க்கைவுக்கு, அதாவது தேவை வரும்வரை யாருக்கும் திறக்காத காப்பகத்துக்கு, ஏற்ற சொல். ஆய்விதழ்களைப் பேணும் கிளாக்ஸ் (CLOCKSS) அமைப்பு உலகில் 12 இடங்களில் கட்டுரைகளை மூடி வைத்திருக்கிறது. ஓர் இதழ் எங்கும் கிடைக்காமல் போனால் அதன் படியை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடும். ‘இருட்காப்பகம்’ என்றால் எதையோ ஒளித்து வைத்தது போலப் படுகிறது. ‘மூடுகாப்பகம்’ என்று குறித்திருக்கிறேன், ஆனால் ஒருநாள் திறக்கும் என்பது அதில் தொனிக்கவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து