போனிக் குதிரைக்கு இன்சுலின் கூடிவிட்டதாம்: கொள்ளுத் தீனியை நிறுத்துவதா, வேண்டாமா?

வெள்ளவத்தை அப்பா
மகள் சனிக்கிழமைகளில் ஏறிப் பழகும் போனி இரண்டு வாரமாக முன்னங்கால் ஊன்ற மறுக்கிறது. பாரத்தைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தே நிற்கிறது. பார்த்த மிருக வைத்தியர், இன்சுலின் கோளாறால் வந்த குளம்பு அழற்சியாக இருக்கலாம், கொள்ளையும் தவிட்டையும் உடனே நிறுத்துங்கள் என்றார். ஆனால் இரத்தத்தில் சீனி சரியாகத்தான் இருக்கிறது. எனக்கே பத்து வருஷமாகச் சீனி வருத்தம். சீனி சரியென்றால் இன்சுலினில் என்ன பிழை? லாயத்தில் இதை வைத்துப் பெரிய சண்டை.

பழைய லாயக்காரன்
நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளோடு முப்பது வருஷம் கிடந்தவன் நான். கொள்ளு அவித்து, தவிடு பிசைந்து, சர்க்கரைத் துண்டும் போட்டு வளர்த்தோம். ஒன்றுக்கும் இந்த வருத்தம் வரவில்லை. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சும்மாவா சொன்னார்கள்? நடக்காத குதிரையை இரண்டு சுற்று ஓட்டினால் இரத்தம் இறங்கும், கால் சரியாகும். வாயில்லா ஜீவனைப் பட்டினி போடாதீர்கள்.

பேராதனை மாணவி
ஐயா, அந்தப் பழமொழி மனிதருக்குச் சொன்னது. கொள்ளில் புரதம் மட்டுமல்ல, மாப்பொருளும் நிறைய. தவிட்டிலும் உண்டு. அது சீனியாகி இன்சுலினை ஏற்றும். ஓட்டச் சொல்கிறீர்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் இழைப்படலம்தான் இப்போது நைந்துகொண்டிருக்கிறது. ஓட்டினால் எலும்பு கீழே சரியும். வலி அடங்கிய பிறகுதான் நடை.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மனிதரில் பல வருஷம் போனால் கணையம் களைத்துச் சீனி ஏறும். குதிரையின் கணையம் அவ்வளவு சுலபமாகக் களைக்காது. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காவிட்டால் இன்னும் இன்னும் சுரந்து சீனியைச் சரியான அளவிலேயே பிடித்து வைக்கும். அதனால் சீனியை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளம்பைக் கெடுப்பது கூடிப்போன இன்சுலின்தான். 2007இல் வெளிவந்த அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வில் நல்ல சுகமாக இருந்த போனிகளுக்கு இன்சுலினை ஏற்றி, குளுக்கோசும் கொடுத்துச் சீனியைச் சாதாரண அளவிலேயே வைத்திருந்தார்கள். இன்சுலின் ஏறிய எல்லாப் போனிகளுக்கும் 72 மணி நேரத்துக்குள் குளம்பு அழற்சி வந்தது.

பழைய லாயக்காரன்
ஊசியில் ஏற்றுவதும் தீனியில் ஏறுவதும் ஒன்றா, தங்கச்சி? என் குதிரைகளுக்கு ஏன் வரவில்லை, அதைச் சொல்லுங்கள்.

பேராதனை மாணவி
உங்கள் குதிரைகள் தரோபிரட் என்ற பந்தய இனம். விடியற்காலையில் ஓடித் தின்றதை எரித்தவை. அந்த இனத்துக்கு இந்தக் கோளாறு குறைவு. போனி கொஞ்சத் தீனியில் பிழைக்கப் பிறந்த இனம். அது வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளைச் சுமந்துவிட்டு மிச்ச நாளெல்லாம் நிற்கிறது. பிடரி மேடு கல்லுப்போல இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அதை ‘ஆண் குதிரைக் கம்பீரம்’ என்று லாயங்களில் மெச்சுவார்கள். உள்ளே இருப்பது கொழுப்பு.

தீவான்
எங்கள் நெடுந்தீவுக் குதிரைகள் கண்முன்னே சாட்சி. காய்ந்த புல்லைக் கடித்தே உயிர் வாழ்கின்றன, யாரும் கொள்ளு அவித்துக் கொடுப்பதில்லை. கோடையில் தண்ணீரில்லாமல் சாவதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அவற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கொழும்பு லாயத்து வயிறுகளைக் கண்டால் சிரிப்பு வரும்.

வெள்ளவத்தை அப்பா
பிடரியைத் தொட்டேன், கல்லுத்தான். அப்படியென்றால் எவ்வளவு கொடுப்பது? ஒரேயடியாக நிறுத்தட்டுமா? நான் சீனிக்கு விழுங்கும் மெட்ஃபோர்மினை அதற்கும் கொடுக்கலாமா?

பேராதனை மாணவி
கொள்ளையும் தவிட்டையும் நிறுத்துங்கள், ஆனால் தீனி முழுவதையும் ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. இந்த ஒரு இடத்தில் ஐயாவின் பயம் நியாயம். கொழுத்த போனியைப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்து உயிரையே எடுக்கும். நாளொன்றுக்குப் புல், அது இருக்க வேண்டிய எடையில் 1.5 வீதம், உலர்நிறையில், அதாவது தண்ணீரைக் கழித்த நிறையில். 200 கிலோ போனிக்கு 3 கிலோ. பச்சைக் கினிப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் 12 முதல் 15 கிலோ வரும். கினிப் புல் மட்டுமே கொடுத்தால் அதிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல்சியம் தனியாகச் சேர்க்க வேண்டும். காய்ந்த புல் என்றால் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சீனியில் ஒரு பங்கு அதோடு போகும். கொழும்பு வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், உடனே கொடுங்கள்.

மெட்ஃபோர்மின் குதிரையின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். சிறுநீரில் சீனியை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளைப் பாவிக்கிறார்கள், அதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் சோதனைக்கு உங்களைப் போல வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. புல் தின்ற பின் எடுக்கலாம், முன்னால் கொள்ளு மட்டும் வேண்டாம்.

பழைய லாயக்காரன்
படித்தவர்கள் சோதனை சோதனை என்பீர்கள். அப்பா, குளம்பை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துப் போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை அப்பா
போட்டிருக்கிறேன். வளையம் வளையமாக இருக்கிறது.

பழைய லாயக்காரன்
பார்த்தேன். வளையங்கள் முன்பக்கம் நெருங்கி, குதிப்பக்கம் விரிந்து கிடக்கின்றன. குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். மயிர் ஓரத்திலிருந்து மூன்றரை சென்ரிமீற்றர் கீழே ஒரு பெரிய வளையம். இது இரண்டு வாரக் கதையில்லை. இப்போது ஓகஸ்ட். ஏப்ரலில் என்ன கொடுத்தீர்கள்?

வெள்ளவத்தை அப்பா
ஏப்ரலில் பள்ளி விடுமுறை. தினமும் பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு வாழைப்பழம், வருஷப் பலகாரமும் கூட. அப்போதும் நாலு நாள் நடக்கவில்லை. வெயில் என்று விட்டுவிட்டோம்.

பேராதனை மாணவி
ஐயா, இதைவிட நல்ல சாட்சியை நான் கொண்டுவர முடியாது.

பழைய லாயக்காரன்
சாட்சி சொன்னேன், கட்சி மாறவில்லை. இந்தப் போனிக்குக் கொள்ளு வேண்டாம், சரி. ஓட்டவும் வேண்டாம். ஓடுகிற குதிரைக்கு நான் கொள்ளு அவிக்கத்தான் போகிறேன். அப்பா, காலுக்குக் கீழே மணலை ஆழமாகக் கொட்டுங்கள், குதியை ஊன்றி நிற்கட்டும். அப்புறம் வாசலில் இருக்கிற அந்த வாழைப்பழ வாளியை எடுத்துவிடுங்கள், படத்தில் தெரிகிறது.