ஜிக்ஜாக் ஸ்பிரிங்: ‘நெளிவில்’ வேண்டாம், ‘நெளிகம்பி’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் சொல்லாக்கக் குழுவில் ஜிக்ஜாக் ஸ்பிரிங்குக்கு, அதாவது இருக்கை மெத்தையை அடியில் தாங்கும், வளைந்து வளைந்து போகும் கம்பிக்கு, ‘நெளிவில்’ என்ற தமிழ்ச்சொல்லை முன்மொழிந்தவன் நான். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஏன் என்று சொல்ல, மார்த்தாண்டத்தில் குஷன் வேலை செய்யும் அண்ணனின் பட்டறையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவின் அம்பாசிடர் குளச்சலில் கடலோர வீட்டில் நின்ற வண்டி. உப்புக்காற்று போதாதென்று நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பின்னிருக்கையை வெளியே எடுத்து ரெக்சினை உரித்தபோது இருக்கையின் இரும்புச் சட்டம் (ஃபிரேம்) மேல்பக்கம் திடமாகத்தான் இருந்தது. கீழ்க்குழாய் மட்டும் நகத்தால் கிள்ளினாலே உதிர்ந்தது. பின்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீரைத் தென்னைநார் மெத்தையும் சாக்கும் உறிஞ்சி, அந்தக் குழாயின் மேலேயே வைத்திருந்திருக்கின்றன. நாரின் மேல் எனக்குக் கோபமில்லை. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய் புவிசார் குறியீடு பெற்ற மாவட்டம் இது. புது மெத்தைக்கும் நார்தான் வாங்கியிருக்கிறேன். முதலில் ரப்பரை மாற்றினேன்.

மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. பழையதையே வெட்டி ஒட்டினோம். வெட்டும் முன் சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார் அண்ணன். அது இல்லாவிட்டால் குழாயை அறுத்ததும் சட்டம் கோணிவிடும். புதுக்குழாயையும் ஒரே மூச்சில் பற்றவைக்கவில்லை. இந்த முனையில் ஒரு புள்ளி, அந்த முனையில் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூச்சு அடிக்கும் முன் வண்டிக்குள் வைத்து இரண்டு பக்கமும் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தோம்.

இனி ஸ்பிரிங். யாரோ முன்பே பிரித்துக் கட்டிய இருக்கை இது. இதில் சுருள்வில் இல்லை. முன்குழாயிலிருந்து பின்குழாய்வரை ஐந்து வரிசை ஜிக்ஜாக் ஸ்பிரிங். கம்பி முனையைச் சட்டத்தோடு பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியதும், இழுத்து மாட்டியிருந்த கம்பி துள்ளி வில்போல வளைந்து கொண்டது. அதைப் பார்த்துத்தான் ‘வில்’ என்றேன். பாடப்புத்தகத்தின் ‘சுருள்வில்’லும் துணைக்கு இருந்தது.

பிறகு பட்டறைக் குறிப்பேட்டில் ‘மூன்றாவது நெளிவில்லை மாற்றவும்’ என்று எழுதினேன். வேலை பழகும் தம்பி அதை வாசித்துவிட்டு, “மூணாவதுல நெளிவு இல்லியா? இருக்கே அண்ணே” என்றான். அவன் வாசித்ததில் தவறே இல்லை. இரண்டாம் வேற்றுமை ஏற்றவுடன் அந்தச் சொல் ‘நெளிவு இல்லை’ என்று ஆகிவிடுகிறது. உருபு ஏற்காமல் நின்றாலும் ‘நெளிவு’ என்பதோடு ‘இல்’ சேர்ந்ததாகவே கண் படிக்கிறது. குழுவில் ஒருவர் சொன்ன ‘அலைவில்’லுக்கும் இதே சிக்கல், ‘அலைவு’ இயற்பியலில் ஏற்கெனவே இருக்கிறது. ‘சுருள்வு’ என்று ஒரு சொல் வழக்கில் இல்லாததால் சுருள்வில் பிழைத்தது. இடைவெளி விட்டு எழுதலாமே என்றார் இன்னொருவர். எழுத்தில் விடலாம், காதுக்கு அந்த இடைவெளி கேட்காது. பட்டறையில் சொல் வாய்வழியாகத்தான் போகிறது.

அண்ணன் சொல்வது இது: “அந்த நெளிகம்பிய எடு மக்கா.”

இதைவிட நல்ல சொல்லை நம்மால் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன். ‘க்’ சேர்த்து ‘நெளிக்கம்பி’ என்று எழுத வேண்டாம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. நெளிந்த கம்பி, நெளிகிற கம்பி, நெளியும் கம்பி என்று முக்காலமும் அதற்குள் இருக்கிறது. செய்யும்போதே நெளிந்தது, ஆள் உட்கார்ந்தால் நெளிகிறது, எழுந்ததும் மீண்டு அடுத்த ஆளுக்கும் நெளியும். ‘வில்’லை விட்டால் மீளும் தன்மை போய்விடும் என்ற கவலைக்கு அந்த வினையே பதில். ‘பாத்திரம் நெளிந்துவிட்டது’ என்றால் கெட்டுப்போனது என்றுதானே பொருள் என்று கேட்டிருந்தீர்கள். உண்மை. ஆனால் நெளிமோதிரம் போட்டவர் கையில் கெட்டுப்போன மோதிரத்தை யாரும் பார்ப்பதில்லை.

‘சட்டம்’ குழப்பும், ‘சட்டகம்’ என்போம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கட்டில் சட்டமும் படச்சட்டமும் வீட்டிலேயே புழங்குகின்றன. பட்டறையில் நின்று நீதிமன்றத்தை யாரும் நினைப்பதில்லை. ‘நெளிவில்லை’ அப்படியல்ல, சொல்லவந்ததையே தலைகீழாக்குகிறது.

கிளிப் மட்டும் பாக்கி. அண்ணன் ‘கொளுக்கி’ என்கிறார். ஆனால் கொளுவுவது வேறு, கவ்வுவது வேறு. இந்தத் தகடு கம்பியின் முனையைச் சுற்றி மடங்கி இறுகப் பிடிக்கிறது. அதனால் ‘கவ்வி’ என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை ஐந்து நெளிகம்பியையும் மாட்டுகிறோம். அப்போது அண்ணனிடம் சொல்லிப் பார்க்கிறேன்.